அம்மன் வாசல் கான்

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கடைசி வீடு வடிவம்மாவுடையது. பதினாறு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவர், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாபப் பணம் முழுவதையும் அந்த வீட்டின் பின்னறையில் போட்டார். மண் தரைக்குச் சிமெந்து, சுவருக்குப் பூச்சு, ஓர் அலுமாரி. ஆயுள் முழுக்கச் சம்பாதித்தது அந்த ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் பக்கம் மண்மேடு. மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே, மழைத் தண்ணீரை ஓடைக்குக் கொண்டுபோக, வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கான். மேட்டின் மேலே மாரியம்மன் கோயில்.

தேர்தல் வருடத்தில் மேலிடத்திலிருந்து பணம் வந்து, கோயில் முற்றத்துக்குக் கொங்கிரீட் போட்டார்கள். அதுவரை புல்தரையில் ஊறிய மழைக்கு ஊற இடமில்லை. முற்றத்தின் சாய்வோ லயத்துப் பக்கம். முதல் ஐப்பசி மழைக்கே மேடு கரைந்து சரிந்து கானை அடைத்தது. வடிவம்மா மண்ணை வாரிப் போட்டார். அடுத்த மழை மறுபடி அடைத்தது. தண்ணீர் சுவரோடு தேங்கி நின்றது. பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது. தரை கசிந்தது. அலுமாரியின் கால்கள் ஊதிப்போயின. அது கல்லும் சேறும் வைத்துக் கட்டிய பழைய சுவர். இப்படியே ஊறினால் விழும். விழுந்தால் அதன் கீழே படுத்திருப்பவர்கள் அவரும் மகள் சந்திரிகாவும்.

முற்றத்து ஓரமாக ஒரு கான் வெட்டி, கோயில் வாசலுக்குக் குறுக்கே கொண்டுபோய், மறுபக்கத்து ஓடையில் விட்டால் தீர்ந்தது. தோட்டத்து ஒபிசில் கேட்டார். கோயில் உங்களுடையது, கமிட்டியிடம் போ என்றார்கள்.

கமிட்டித் தலைவர் வீரையா, வடிவம்மாவின் சொந்தத் தம்பி. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அம்மன் வாசலுக்குக் குறுக்க சாக்கடை வெட்டச் சொல்றியாக்கா? தீட்டாயிரும். தேரு வேற போகணும்."

"சாக்கடையா? வானத்துத் தண்ணிடா அது. அம்மனுக்கு முன்னால ஓடுனா தீட்டு, என் அடுப்புக்குள்ள ஓடுனா தீர்த்தமா?"

பின்னால் இருந்த ஒருவர், "தீர்த்தம் வீடு தேடி வருதுல்ல, குடுத்து வச்சவ" என்றார். சிரிப்பு எழுந்தது. வீரையாவும் சிரித்தார்.

"சிரிங்கடா. செவரு விழுந்த அன்னைக்கு மாலையோட வருவீங்கல்ல, அப்பயும் இப்பிடியே சிரிங்க."

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அடக்குமுறை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எழுதும்போது என் மனதில் இருந்த முகம் எப்போதும் தோட்டத்துத் துரையுடையது. அன்று கோயிலில் சிரித்தவர்கள் என் மாமாக்கள், சித்தப்பாக்கள். இவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு நான் படித்த எதிலும் பெயர் கிடைக்கவில்லை. பெயர் ஏன் வேண்டும் என்றும் தெரியவில்லை.

வடிவம்மாவுக்குப் பெயர் தேவைப்படவில்லை. அடுத்த மழை பட்டப்பகலில் பிடித்தது. தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, குத்திப் பெயர்க்கும் இரும்பு அலவாங்கோடு மேட்டில் ஏறினார். முற்றத்தின் விளிம்பில் முதல் குத்து விழுந்த சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. கமிட்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். அலவாங்கைப் பார்த்துத் தள்ளியே நின்றார்கள்.

"அக்கா, வேணாம். அம்மன் கண்ணப் புடுங்கிரும்" என்றார் வீரையா.

"புடுங்கட்டும். ஈரச் செவத்தப் பாத்துக்கிட்டே கெடக்குறதுக்கு அது தேவல. தள்ளுடா!"

சந்திரிகா மண்வெட்டியோடு வந்து சேர்ந்தாள். கொங்கிரீட் மெல்லியது, மேலிடத்துப் பணத்தில் பாதி வழியிலேயே கரைந்திருக்க வேண்டும். சுற்றி நின்றவர்களைத் திட்டிக்கொண்டே இருவரும் ஓரமெல்லாம் உடைத்துத் தோண்டி, வாசலுக்குக் குறுக்கே ஓடை வரை கொண்டுபோனார்கள். செம்மண் கலந்த தண்ணீர் அம்மனுக்கு நேர் முன்னால் திரும்பிப் பாய்ந்தது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

கமிட்டி சொன்னது. அந்த வருடம் வடிவம்மா வீட்டில் திருவிழா வரி வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். வரி வாங்காத வீட்டு வாசலில் சாமி நிற்காது. அதே கமிட்டி, தேர் போவதற்காக அந்தக் கானின் மேல் பலகைக்கல் பரப்பிச் சிமெந்து பூசியது. இப்போது அது கோயில் கான். அங்கே தீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சித்திரையில் தேர் அந்தக் கல்லின் மேல் குலுங்காமல் உருண்டு இறங்கியது. ஒவ்வொரு வாசலிலும் நின்றது. எங்கள் வாசலில் அம்மா தட்டை நீட்டினார். பக்கத்தில் நான் கைகூப்பி நின்றேன், ஏன் நின்றேன் என்று கேட்டுக்கொண்டே. கடைசி வீட்டுக்கு முன்னால் தப்பு மேளச் சத்தம் வேகமானது. தேரை விரட்டிக்கொண்டு கடந்தார்கள்.

வடிவம்மா தேங்காய்த் தட்டோடு வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் நின்றிருந்தார். அழவில்லை. தேருக்கு முன்னால் நடந்த தம்பியைப் பார்த்து, தப்பையும் மீறிக் கத்தினார்:

"டேய் வீரையா! சாமிய எங்க வேணுன்னாலும் தூக்கிட்டுப் போ. தண்ணிய மட்டும் இந்தப் பக்கம் திருப்புன, அலவாங்கு இன்னும் கதவு மூலையிலதான் இருக்கு!"

வடிவம்மா தேங்காயைத் தன் வாசல்படியிலேயே உடைத்தார். பிறகு பின்னறைக்குப் போய், காய்ந்துபோன அந்தச் சுவருக்குப் மறுபடி பூச வாங்கி வைத்திருந்த சிமெந்தைக் குழைக்கத் தொடங்கினார்.