கோயிலில் வேகம் பிடித்த கைக்கடிகாரம்

என் மனைவிக்கு நடுக்கவாதம் வந்தபின், எங்கள் வீட்டில் நேரம் என்பது மருந்தின் வேறு பெயராயிற்று. மாத்திரை முந்தினால் உடல் தள்ளாடும். பிந்தினால் கைகால் இறுகும். அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தானே எடுத்து விழுங்குவாள். நாள்தோறும் சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் அது. நடுங்கும் விரல்களால் அந்தச் சிறு குமிழைத் திருகுவதை ஒரு நோன்பு போலவே அவள் காத்து வந்தாள்.

அந்தக் கடிகாரம் திடீரென வேகமாக ஓடத் தொடங்கியது. காலையில் வானொலியைக் கேட்டுச் சரிசெய்தால் மாலைக்குள் வெகுதூரம் முந்திவிடும். ஒருநாள் மாத்திரையை முன்னதாகவே விழுங்கிவிட்டுத் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மகன் பயந்துபோனான். "அந்தக் கடிகாரத்தத் தூக்கிப் போடுங்கம்மா. என் போன்ல அலாரம் வெச்சு நானே மாத்திரை எடுத்துத் தரேன்."

"எனக்கு மணி பாக்கத் தெரியும்ப்பா," என்றாள் அவள். அவளிடம் எஞ்சியிருந்த சுதந்திரம் அந்த மணிக்கட்டில்தான் இருந்தது என்பதை நான் அறிவேன்.

திருவையாற்றில் ஒருவர் அதைக் கழுவி எண்ணெய் விட்டுத் தந்தார். அப்படியும் வேகம் குறையவில்லை. ஆகவே தஞ்சாவூருக்குப் போனோம். பழைய பேருந்து நிலையத்தின் அருகே கடை வைத்திருந்தவர் ஒரு பெண்மணி. எங்கள் மகள் வயதிருக்கும். மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸைப் பொருத்தி வெகுநேரம் பார்த்தார். சன்னதியில் திரை விலகக் காத்திருப்பவர்களைப் போல நாங்கள் நின்றோம்.

"தண்ணி எறங்கல, தூசி இல்ல. வேகமா மட்டும் ஓடுது," என்றார்.

"சாயங்காலம் கோயில்ல இவர் பதிகம் பாடுறார். அதக் கேட்டுத்தான் ஓட்டம் பிடிச்சிருக்கும்," என்றாள் என் மனைவி.

"அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லீங்கம்மா." சிரித்தபடி ஒரு திசைகாட்டியை எடுத்துக் கடிகாரத்தின் அருகே வைத்தார். முள் துள்ளித் திரும்பியது. "காந்தம் ஏறியிருக்கு. கோயில்ல இதக் கழட்டுவீங்களா?"

"தோல் வாராச்சே. கழட்டாம எப்படிச் சாமிகிட்டப் போறது?"

"கழட்டி எங்க வெப்பீங்க?"

"கால் படாத எடமாப் பாத்து, துணி போத்தி வெச்சிருக்கற புது ஸ்பீக்கர் பெட்டி மேல."

அந்தப் பெண்மணி மகிழ்ச்சியுடன் தலையசைத்தார். "பெட்டிக்குள்ள பெரிய காந்தம் இருக்குங்கம்மா. இங்க பாருங்க ஐயா."

லென்ஸ் வழியே பார்த்தேன். முடியினும் மெல்லிய சுருள்கம்பி. அதன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. விரிய இடமின்றி அது குறுகிய மூச்சாக வேகவேகமாக வாங்கிக்கொண்டிருந்தது. காந்தத்தை நீக்கும் சிறிய மின்பெட்டி ஒன்றின் மேல் அவர் கடிகாரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தியபடி, மெல்ல மெல்ல விலக்கி எடுத்தார். மறுபடி பார்த்தபோது வளையங்கள் பிரிந்து, சுருள் விரிந்தும் ஒடுங்கியும் நிதானமாக இயங்கியது. படைப்பும் ஒடுக்கமும் பற்றி எத்தனையோ பாடியிருக்கிறேன். அவ்விரண்டையும் ஓர் அரிசிமணி அளவு இடத்தில் கண்டு கைகூப்பினேன்.

"நைலான் வார் மாத்தித் தரேன். இனி கோயில்லயும் கையிலேயே இருக்கட்டும்," என்றார் அவர்.

மகன் உடனே நம்பிவிடவில்லை. ஒரு வாரம் அலாரத்தையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொரு வேளையும், அது ஒலிக்கும்போது அவள் மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"தண்ணி மட்டும் எடுத்துக் குடு," என்றாள் கடைசி நாளன்று.

அவன் கொடுத்தான். பிறகு அலாரத்தை அழித்துவிட்டு வயலுக்குப் போனான்.