மருதையின் குதிரையும் என் விசிலும்

சூரியன் தன் ஏழு குதிரைகளையும் மருதையிடம் ஒப்படைத்திருந்தால் பூமியில் ஒரு நாள்கூட விடியல் பிந்தியிருக்காது. மூவுலகிலும் அப்படியொரு ஜட்காக்காரன் கிடையாது. இதைச் சொன்னது மருதையேதான். சத்திரம் வண்டி ஸ்டாண்டில், தினமும்.

அவர் வண்டியில் சாட்டை உண்டு. ராணி என்ற அந்தக் கிழட்டுக் குதிரைமேல் அது பட்டதே இல்லை. வண்டிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு சீரங்கம் போகப் பார்த்த என் முதுகில்தான் பட்டது.

"குதிரை தட்டிக் குடுத்தா படியும். எட்டாவது பெயிலுக்கு இதாண்டா பாஷை" என்றார். ஸ்டாண்டே சிரித்தது. முதுகு மறுநாளே ஆறிவிட்டது; அந்தச் சிரிப்புத்தான் ஆறவில்லை.

எதிர்வீட்டு அமிர்தராஜ் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தான். பரீட்சைக்கு உரக்க உருப்போடுவான்: மணியடித்து மணியடித்து நாய்க்குச் சோறு போட்டால், பிறகு வெறும் மணிக்கே எச்சில் ஊறுமாம். மனிதன் பழகுவதும் அப்படித்தானாம். எனக்கு அது போதும்.

மருதை டீக்கடைக்குப் போகும் நேரம் பார்த்து இரண்டு வாரம் விசிலடித்து, ராணிக்கு வெல்லம் கொடுத்தேன். கடைசியில் விசில் கேட்டாலே வண்டியோடு என் பக்கம் திரும்பியது. மாசக் கடைசியில் முனிசிபாலிடி சோதனை. சொல் கேட்காத குதிரைக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் போனால் மருதைக்கு வேறு பிழைப்பு தெரியாது. போகட்டும் என்றுதான் இருந்தேன்.

சோதனையன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பொத்தான் மாறிப் போட்டிருந்தார். ராணிக்கு நெற்றி நிறையக் குங்குமம். விசிலை நான் மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ராணி என்னைப் பார்த்துவிட்டது. வரிசையை விட்டு வண்டியோடு வந்து, என் சட்டைப் பையில் மூக்கை விட்டது.

"என்னய்யா, அதுபாட்டுக்குப் போவுது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நம்ம வீட்டுப் பையன்தாங்க. பாசத்துல போவுது" என்று மருதை கூசாமல் சொன்னார். "ராணி, வாம்மா." அது திரும்பிப் போய் நின்றது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

அவர் தலை மறைந்ததும் மருதை சாட்டையோடு வந்தார். "ரெண்டு வாரமா டீக்கடைல விசில் சத்தம் கேட்டுச்சு. இப்பதாண்டா புரியுது. எங்க அது?"

"மறந்துட்டேன்."

என் பையிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"இத மறக்கலியே?"