இடாப்பின் ஏழாவது பெயர்

வாசகரே, உங்களை நடுவராக இருக்கும்படி நான் கேட்கப்போவதில்லை. சிறு வயதிலிருந்தே பேச்சுப் போட்டி நடுவர்களின் முன் நின்று பேசி வருபவன் நான். மணி அடிப்பதற்குள் அவர்களை என் பக்கம் திருப்பிவிடும் வித்தை எனக்குக் கைவந்தது. ஆகவே சாட்சியாக இருங்கள். சாட்சியிடம் வாதாட வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னால் போதும்.

நடந்தது நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய வால்தம்ஸ்டோவில், ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில். எனக்கு அப்போது பத்து வயது. சனிக்கிழமை காலையில் அங்கே எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் கலைந்ததும் அதே நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு அப்பகுதி ஸ்கொட்லாந்துக்காரர்களின் மரபுச் சங்கம் கூடும். நானறிந்த காலத்தில் அங்கத்தவர் இருபது பேருக்கு மேல் இல்லை. கைத்தடிகளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தங்கள் நாட்டு ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஆட்டம் முடியுமுன் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். பைக்குழல் ஊத ஒரு பெண்மணி இருந்தார். மேளம் அடிக்கத்தான் ஆளில்லை. யாழ்ப்பாணத்தில் கல்லூரி பாண்ட் குழுவில் மேளம் அடித்த என் தந்தை, என்னை அழைத்துப்போக வந்த ஒரு நாள் அந்த வெற்றிடத்தில் போய் நின்றார். பிறகு விலகவேயில்லை. அவருக்கும், தங்கள் நாட்டு ஆண்கள் இடுப்பில் உடுத்தும் கட்டம் போட்ட கில்ட் ஒன்று தந்தார்கள்.

“பாவாடையை அயன் பண்ணி வைச்சிருக்கிறன். மாப்பிள்ளை வெளிக்கிடலாம்,” என்பார் அம்மா.

சங்கத்தின் செயலாளர் ஹேமிஷ் லோகன், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மனைவி மக்கள் இல்லாதவர். “லோகன் எண்டால் எங்கட நல்லூர்ப் பக்கத்து ஆளாத்தான் இருக்கவேணும்,” என்று அம்மா சிரிப்பார். அப்பா அவரை லோகன் அண்ணை என்றே அழைப்பார். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், சங்கம் ஒரு விருந்து வைக்கும். இருட்டினால் வெளியே வர அஞ்சும் வயதினர் என்பதால் அது மதிய விருந்தாகவே இருந்தது. சூப் பரிமாறுமுன், சென்ற விருந்துக்குப் பின் இறந்துபோனவர்களின் பெயர்களை மேடையிலிருந்து ஒருவர் பள்ளி வரவு இடாப்புப் போல வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் மேளத்தில் ஓர் அடி. உடனே மண்டபம் முழுவதும் இறந்தவருக்காக “இங்கே” என்று பதில் சொல்லும். வராத நண்பனுக்காக வகுப்பில் குரல் கொடுத்து நான் ஒருமுறை தண்டனை பெற்றிருந்தேன். வளர்ந்தவர்கள் அதையே சடங்காகச் செய்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இடாப்பை எப்போதும் வாசித்தவர் லோகன். அந்த ஆண்டு அவருடைய நுரையீரல் இடம் கொடுக்கவில்லை. மூக்கில் குழாயும் காலடியில் ஒக்சிஜன் உருளையுமாக வந்தார். தேவாலயம் மண்டபத்தைக் கைவிடப்போவதால் சங்கமும் கலைகிறது, அதுவே கடைசி விருந்து என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் மதில் தாண்டிக் கேட்ட என் குரலை அவர் தெரிந்தெடுத்தார். அன்று காலை ஒரு தாளை என் கையில் தந்து, எழுதியிருப்பதை எழுதியபடி வாசி என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

தாளில் ஏழு பெயர்கள் இருந்தன. ஏழாவது, ஹேமிஷ் லோகன்.

எங்கள் வீட்டில், நோயாகக் கிடந்த பெரியப்பாவைப் பற்றி “செத்துப்போவாரோ” என்று கேட்டதற்கு என் வாயில் அடி விழுந்திருக்கிறது. அம்மா உடனே சாமிக்கு விளக்கேற்றியும் இருக்கிறார். உயிரோடு முன்வரிசையில் இருப்பவரை இறந்தவர்களோடு சேர்த்து வாசிக்க முடியுமா? கிழவர் தடுமாறி எழுதிவிட்டார் என்று தீர்மானித்தேன். அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் பெரியவர் ஒருவரின் பிழையைத் தனியே கண்டுபிடித்து, அவரைச் சபையில் தலைகுனியாமல் காப்பாற்றப்போகிறேன் என்ற பெருமிதம் என்னைக் கேட்கவிடவில்லை.

ஆறு பெயர்களையும், ஒவ்வொன்றின் பின்னும் மூச்சளவு இடைவெளி விட்டு, அழகாக வாசித்தேன். ஆறு முறை மேளம் அதிர்ந்தது. ஆறு முறை மண்டபம் பதில் சொன்னது. ஏழாவதற்கு முன் நிமிர்ந்தேன். லோகன் கண்களை மூடி, முகத்தை உயர்த்தி வைத்திருந்தார். அப்பாவின் குச்சி மேலே நின்றது. நான் தாளை மடித்தேன், பழக்கப்படி தலை வணங்கினேன், நன்றி சொன்னேன்.

குச்சி மெல்லத் தாழ்ந்தது. அப்பா எண்ணிக்கையில் தவறிவிட்டார் என்று நினைத்தேன். லோகன் கண் திறந்து, எதையோ தேடுபவர்போல் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு எல்லோரோடும் சேர்ந்து எனக்குக் கை தட்டினார்.

வீடு திரும்பும் வழியில் அப்பா எங்களுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார்.

“பிள்ளை வடிவா வாசிச்சவன். ஏன் மூஞ்சையை நீட்டிக்கொண்டு வாறியள்?” என்றார் அம்மா.

“கடைசிப் பெயரை ஏன் விட்டனி?” என்று அப்பா என்னிடம் கேட்டார்.

“அவர் உயிரோடைதானே அப்பா இருக்கிறார்.”

“ஓம்,” என்றார்.

விருந்து முடிந்த ஐந்தாம் வாரம் லோகன் இறந்தார். மனோர் பார்க் தகனசாலைக்கு நாங்கள் மூவரும், பைக்குழல் பெண்மணியும், அவரைப் பராமரித்த ஒரு தாதியும் வந்திருந்தோம். மற்றவர்களுக்கு அறிவிக்கச் சங்கம் என்று ஒன்று அப்போது இல்லை. உறவினர் இல்லாததால் உள்ளூராட்சிக் கவுன்சில் அனுப்பிய ஒருவர் பெயரைத் தவறாக உச்சரித்துச் சில நிமிடங்களில் காரியத்தை முடித்தார்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில்தான் அப்பா அதைச் சொன்னார்.

“மேளத்தில ஏழு தரம் அடி எண்டு எனக்கு முதலே சொன்னவர். ‘எனக்குப் பிறகு என்ரை பேரைக் கூப்பிட ஆர் இருக்கினம்? ஆர் ஆர் பதில் சொல்லுகினம் எண்டு ஒருக்கால் காதால கேட்டிட்டுப் போறன்’ எண்டவர்.”

“நீங்கள் ஏன் அப்பவே சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது? மனிசன் முன்னால இருக்கேக்க, இவரையும் வாசியடா எண்டு மேடையில நிண்டு கத்தவோ?”

“இப்ப போய் வாசிக்கட்டே?”

“ஆருக்கு?” என்றார் அப்பா.

எந்தப் பிழையையும் மறுமுறை மேடையேறித் திருத்திவிடலாம் என்று நம்பியிருந்த சிறுவன் நான். கேட்க வேண்டிய காது ஒன்றுதான் இருந்தது என்பதும், அது போய்விட்டது என்பதும் அன்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்கிய மட்டில் எழுந்து நின்றேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, கற்ற ஏற்ற இறக்கம் எதுவுமில்லாத குரலில் அப்பாவிடம் உரக்கச் சொன்னேன்:

“இனி எனக்கு விளங்காட்டிக் கேப்பன். நானா ஒண்டையும் விடமாட்டன்.”