தீப்பெட்டி அளவில் ஒரு ரசமட்டம்

போன வருடம் தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. இடம் திருவண்ணாமலை, செங்கம் ரோட்டை ஒட்டிய என் வீட்டு வாசல். ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் போனுமாக நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவி மலையைச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி அப்படி இறங்கியிருந்தது. எதிர்வீட்டு கேட் தெரியவில்லை. மலையே இல்லை. போனில் மட்டும் ஒரு நீலப் புள்ளி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

அது என்ன புள்ளி என்று சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து வந்து இந்த ஊரில் கலவை சுமந்தேன். அப்புறம் கொத்தனார், அப்புறம் மேஸ்திரி, இப்போது என்னை எல்லாரும் கான்ட்ராக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீங்கள் கிரிவலம் வந்து செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் தங்கியிருந்தால், அந்தச் சுவரில் என் கை பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இருப்பதைச் சொல்கிறேன். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் நூலில் குண்டு கட்டித் தொங்கவிடுவார்கள். தரை சமமா என்று பார்க்க, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நீந்துகிற ரசமட்டத்தை வைப்பார்கள். எனக்கு இரண்டும் கண்ணிலேயே இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்து, இந்தச் சுவர் அந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடுவேன். சாய்ந்துதான் இருக்கும்.

என் மனைவிக்கு ஒரே ஒரு பிடிவாதம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் கிரிவலம். வெறுங்காலோடு, மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, சுற்றி முடித்து வந்துதான் தண்ணீர் குடிப்பாள். நான் அவளோடு போனதில்லை. எனக்கு வேலை இருந்தது.

அந்தத் தைக்கு முந்தைய ஐப்பசி மழையில் அவள் சமையலறையில் தலை சுற்றி விழுந்துவிட்டாள். காதுக்குள் இருக்கிற ஏதோ ஒன்றுதான் உடம்பை நிமிர்த்தி வைக்கிறதாம், அதில் கோளாறு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். மறுபடியும் வரலாம் என்றும் சொன்னார். இனி கிரிவலம் கிடையாது என்று நான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல எழுந்து குளித்து, பூ வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் போய் மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். கால் விரல்கள் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தன. நடந்து முடிக்கிற நேரம் ஆனதும் கீழே இறங்கி வந்து, "போயிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒவ்வொரு செவ்வாயும் இதே கதை.

என் மகளால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் எலக்ட்ரானிக்ஸ் படித்து, வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். தபாலில் என்னென்னவோ வரவழைத்து, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி செய்தாள். உள்ளே நகத்தைவிடச் சின்னதாக இரண்டு சில்லு. ஒன்று, ஆள் எங்கே இருக்கிறார் என்று வானத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இன்னொன்று, ஆள் நிற்கிறாரா, சாய்ந்தாரா, படுத்தாரா என்று பார்த்துக்கொள்ளும். ஒரு சிம் கார்டு அதை நம் போனுக்குச் சொல்லிவிடும். திரையில் ஆள் இருக்கிற இடம் நீலப் புள்ளியாகவும், ஆள் நிற்பதும் படுப்பதும் ஒரு சின்னப் பொம்மையாகவும் தெரியும்; விழுந்தால் மணி அடிக்கும். எல்லாம் சேர்த்து மூன்று மூட்டை சிமென்ட் விலைக்குள் முடிந்துவிட்டது.

"இதை மொதல்ல சமமான எடத்துல வெச்சு, இதுதான் நேருன்னு சொல்லிக்குடுக்கணும்பா. எங்க வெக்கலாம்?" என்றாள்.

"நம்ம கூடத்துல வை. நான் போட்ட தரை. கண்ணாடி மாரி கெடக்குது."

வைத்தாள். போனைப் பார்த்தாள். "அரை டிகிரி சாயுதே."

"உன் பொட்டி சாயும். என் தரை சாயாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய ரசமட்டத்தைத் தேடி எடுத்து வந்து தரையில் வைத்தேன். குமிழி நடுவில் நிற்காமல் நைசாக ஒதுங்கியது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலேயே, "வாசப் பக்கந்தானே சாயுது? அது நீங்க விட்ட வாட்டங்க. கழுவுற தண்ணி தானா வெளிய போவணும்னு நாந்தானே கேட்டேன்" என்றாள். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்காக நாங்கள் வேண்டுமென்றே விடுகிற சரிவு. என் தரையில் நான் விட்ட வாட்டத்தை நானே மறந்திருந்தேன். "அதத்தானே நானும் சொல்றேன்" என்று சமாளித்துவிட்டு எழுந்தேன். மகள் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

மனைவி சுருக்குப்பையில் அந்தப் பெட்டியைப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் ஒரு நிபந்தனை வைத்தேன். விழுந்ததாக ஒரே ஒரு தரம் மணி அடித்தாலும் கிரிவலம் அன்றோடு சரி, அப்புறம் பேச்சே இல்லை. அவள், "சரிங்க" என்றாள்.

முதல் செவ்வாயே கூத்து. கிரிவலப் பாதையில் இருக்கிற எட்டு லிங்கங்களில் முதலாவதன் முன்னால் அவள் போனதும் என் போன் கத்தியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அதற்குள் திரையில் படுத்திருந்த பொம்மை எழுந்துவிட்டது. அடுத்த லிங்கத்திலும் அதே கதை. மகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து பார்த்து, "அப்பா, அம்மா நெத்தி தரையில படக் கும்புடறாங்க. எங்கியோ வெளிநாட்டுல செஞ்ச சில்லு, அதுக்கு இன்னா தெரியும்" என்றாள். குனிந்து எழுந்தால் கணக்கில்லை, எழாமல் கிடந்தால்தான் மணி என்று மாற்றி வைத்தாள். கும்பிட்டதற்கெல்லாம் தண்டனை கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமை விடியற்காலை எனக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வெளியே சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். டீயை வைத்துக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்த்தபடி இருப்பேன். நடக்கும், நிற்கும், குனியும், நடக்கும். கொஞ்ச நேரத்தில் போன் மறந்துபோகும். கண் பாதி மூடியிருக்கும். ரோட்டின் இடப்பக்கமாக அவள் போவதும், மலைப் பக்கத்தைச் சித்தர்கள் நடக்கட்டும் என்று விட்டு ஒதுங்குவதும், ஈர மண்ணில் அவள் பாதம் படுவதும் எனக்கே தெரிகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் இருக்கும்போது அவளை அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பனிக் காலையிலும் அப்படித்தான் கிறங்கிப்போய் இருந்தேன். புள்ளி மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலையைத் தாண்டியது. நின்றது. பொம்மை படுத்தது. எழும் என்று பார்த்தேன். எழவில்லை. மணி அடித்தது.

அவள் போன் எடுத்துப் போகிற வழக்கம் கிடையாது. மகளிடம் போனைக் கொடுத்து, வழி சொல்லச் சொல்லிவிட்டு, மகளின் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். அந்தப் பனியில் எதிரே இருப்பது தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு காவி வேட்டி வரும், போகும். ஒரு விபூதி நெற்றி வரும், போகும். நான் ஓட்டுகிறேனா, நின்ற இடத்திலேயே இருக்க ஊர் என்னைத் தாண்டிப் போகிறதா என்று புரியவில்லை. பையிலிருந்து மகளின் குரல் மட்டும், "இன்னும் நேராப் போப்பா, இன்னும் படுத்துக்கினுதான் இருக்காங்க" என்று வந்துகொண்டிருந்தது. சமையலறையில் அவள் கிடந்த கோலம் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஓரத்தில் டீ போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, "மெதுவாப் போங்க, நடக்கறவங்க காலெல்லாம் இருக்குது" என்று அதட்டினாள். ஒரு அம்மா விழுந்து கிடக்கிறாளா என்று கேட்டேன். "யாரும் விழலியே. அந்தக் கல் மண்டபத்துல ஒருத்தர் படுத்துக்கினு இருக்காங்க" என்று கரண்டியால் மலைப் பக்கம் காட்டினாள்.

ரோட்டிலிருந்து சற்றுத் தள்ளி கூரை போய் நாலு தூண் மட்டும் நிற்கிற சின்ன மண்டபம். நடுக் கல்லில் என் மனைவி மல்லாந்து படுத்திருந்தாள். முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தாள். கை இரண்டும் வயிற்றின்மேல். அசையவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"செருப்போட வந்துட்டீங்களா?" என்றாள், திரும்பிப் பார்க்காமலேயே.

எனக்கு உயிர் வந்தது. உடனே கோபமும் வந்தது. "விழுந்துட்டியா?" என்று கத்தினேன்.

"இல்லங்க. லேசா சுத்துச்சு. விழறதுக்கு முன்னாடி நானே படுத்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இந்நேரம் எழுந்திருக்கலாம். ஆனா நல்லா இருந்துச்சு, அப்டியே இருந்துட்டேன்" என்றாள். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவி என் பக்கம் நீட்டினாள். "மணி அடிச்சிடுச்சில்ல. இந்தாங்க."

வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து கால் விரலால் நடந்தவளின் முகம் அது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு அந்தக் கல்லில் அவள் பக்கத்தில் படுத்தேன்.

கல் ஜில்லென்று இருந்தது. தலைக்கு மேலே ஒன்றுமில்லை, வெள்ளை மட்டும். பிறகு கால் பக்கம், அந்த வெள்ளைக்குள் ஒரு கோடு கறுப்பாக வந்தது. மலையின் விளிம்பு. அதற்குப் பின்னால் சூரியன் எழுந்துகொண்டிருக்க, கோட்டின்மேல் மெல்லிய வெளிச்சம் ஓடியது. பனி நகர்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்தால் பனி நின்றுவிட்டு மலை நகர்ந்தது. அப்புறம் கல்லும் நாங்களும் நகர்ந்தோம். பழக்க தோஷத்தில் தூணைப் பார்த்து நேரா, சாய்வா என்று கண்ணால் பிடிக்கப் பார்த்தேன். பிடிபடவில்லை. தூண் சாய்கிறதா, நான் சாய்கிறேனா, எதுவுமே தெரியவில்லை. எனக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. பயமாக இல்லை.

"நடக்கறப்ப மலை நம்ம கூடவே வருது. படுத்தாதான் நிக்குது" என்றாள் அவள்.

இடையில் கட்டாகியிருந்த போன் மறுபடி அடித்தது. மகள் அழுகிற குரலில், "அப்பா, அம்மா இன்னும் படுத்துக்கினே இருக்காங்களா?" என்றாள். "ஆமா. நானும் படுத்துக்கினு இருக்கேன். அம்மா நல்லாத்தான் இருக்கா. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

சுருக்குப்பையைத் திரும்ப அவள் கையில் வைத்தேன். "இது கணக்குல வராது."

"ஏன் வராது? அடிச்சுதுல்ல."

"விழுந்தாதான் கணக்கு. நீ படுத்த. கூடத்துத் தரை மாரி, இது நீயா விட்ட வாட்டம்."

அவள் சிரித்தாள். கண்ணோரம் நனைந்து காதுப்பக்கம் வழிந்ததைத் துடைக்கவில்லை. "ஆனா இனிமே தனியா வேணாம்" என்றேன். "அப்ப செருப்ப வண்டியில வெச்சிட்டு வாங்க" என்றாள்.

டீக்கடை அம்மாவிடம் வண்டியை விட்டுவிட்டு மிச்சத் தூரத்தை அவளோடு நடந்தேன். என் காலில் இந்த ஊர்ச் சரளை எல்லாம் குத்தியது. இத்தனை கட்டடம் கட்டியவன், எட்டி எட்டி வைத்து நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து அவள் இரண்டு இடத்தில் நின்று சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

இப்போதும் செவ்வாய்க்கிழமை அந்த மண்டபத்துக்கு வந்ததும் நாங்கள் கொஞ்ச நேரம் படுப்போம். வீட்டில் மணி அடிக்கும். மகள் அதை அணைத்துவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்வாளாம். எந்தத் தரையைப் பார்த்தாலும் சமமா, சரிவா என்று கேட்கிற கண் எனக்கு. ஆனால் அந்தக் கல் எப்படிக் கிடக்கிறது என்று இன்று வரை நான் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றாத இடம் ஒன்றாவது உலகத்தில் எனக்கு இருக்கிறது என்பது, இந்த வயதில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி.