ஆனையூர் வீட்டுக்கு இரண்டு குடித்தனம்

வாடகைக்கு விட வீடு வாங்குவது எப்படி என்று மூன்று புத்தகங்கள் படித்துவிட்டுத்தான் ஆனையூரில் அந்த வீட்டை வாங்கினேன். மூன்றும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியவை. ஒன்றிலும் ஆடி மாதம் இல்லை.

ஆனி பாதி கழிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆடியில் எவரும் வீடு மாற மாட்டார்கள். அதற்குள் ஆள் வராவிட்டால், ஆவணி வரை பூட்டிய வீட்டுக்கு வங்கித் தவணை கட்ட வேண்டும். இரவல் மாட்டைப் போல என் சம்பளத்தை ஏற்கனவே பாதி ஊர் ஓட்டிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவர் ஒரு டீச்சர். காளவாசலில் குடியிருந்தார், கணவருக்கு வெளியூரில் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நின்ற இடத்திலிருந்தே போனில் முன்பணம் அனுப்பினார். "இந்த மாசக் கடைசியில வந்துர்றோம் சார்" என்றார்.

மாசக் கடைசி என்றால் ஆடி பிறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அது அவருக்கு ஞாபகம் வந்ததும் பின்வாங்கிவிடுவார் என்று எனக்குத் தூக்கம் போயிற்று. கேட்டிருக்கலாம். கேட்டால் ஞாபகம் வந்துவிடுமே என்று கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் எழுமலையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மகளுக்கு மதுரையில் காலேஜ். "ஆனி முடியிறதுக்குள்ள பால் காய்ச்சிரணும்ணே. முடிவச் சொல்லுங்க" என்றார். சரி என்று சொன்னேன். இருவரில் ஒருவர் எப்படியும் நழுவிவிடுவார் என்பது என் ராஜதந்திரம்.

யாரும் நழுவவில்லை. எழுமலைக்காரர் குறித்துக் கொடுத்த வியாழக்கிழமை நெருங்க நெருங்க, தினமும் டீச்சரின் எண்ணைப் போட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை வேனில் வந்து இறங்கினார்கள். அடுப்புப் பற்றியது. பானை ஏறியது. அப்போது கேட் திறக்கும் சத்தம். கையில் அளவு நாடாவுடன் டீச்சர்.

"சொல்லாம வந்துட்டேன் சார். ஜன்னலுக்கு ஸ்கிரீன் தைக்கணும், அளவெடுத்துட்டுப் போயிர்றேன். உள்ள யாரு?"

"சொந்தக்காரங்க. சும்மா… பால் காய்ச்சுறாங்க."

அடுத்தவன் வீட்டில் சும்மா வந்து பால் காய்ச்சும் சொந்தம் எந்த ஊரில் உண்டு என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குள் உள்ளே குலவைச் சத்தம் எழுந்தது. பால் பொங்கிவிட்டது. எழுமலைக்காரர் டம்ளரோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்கக்கா, பக்கத்து வீடா? பால் குடிங்க. இனிமே நாங்கதேன் இங்க குடியிருக்கப் போறோம்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நாடாவை மெதுவாகச் சுருட்டினார். டம்ளரை வாங்கி, நின்றபடியே முழுதும் குடித்தார். "நல்லா இருங்கண்ணே" என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"என்ன சார் இது?"

"ஆடி பிறந்துரும்… நீங்க மாசக் கடைசின்னு சொன்னீங்களா, வர மாட்டீங்களோன்னு…"

"எங்களுக்கு ஏது சார் ஆடி?"

அவர் கழுத்துச் சங்கிலியில் சிலுவை தொங்கியது. முதல் நாளே பார்த்ததுதான். ஆடிக்குப் பயந்து, ஆடிக்குப் பயப்படாத ஆளையே கைவிட்டிருக்கிறேன்.

"நான் இருக்கிற வீட்டுக்கு வேற ஆளு அட்வான்ஸ் குடுத்தாச்சு. ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு சர்ச் வாசல்ல போயி உக்காரவா?"

பால் பொங்கிய வீட்டிலிருந்து ஒரு குடும்பத்தை இறங்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. தைரியம் இருந்தால் இது நடந்தே இருக்காது. முன்பணத்தை அங்கேயே திருப்பி அனுப்பினேன். போனைப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா?"

அம்புட்டுத்தான் இல்லை என்று எனக்கும் தெரிந்தது. வண்டியை எடுத்தேன். அவர் தன் ஸ்கூட்டியில் பின்னால் வந்தார். 'வீடு வாடகைக்கு' என்ற பலகை கண்ட இடமெல்லாம் நின்றோம். முதல் வீட்டில் தண்ணீர் இல்லை. இரண்டாவது வீட்டில் கறி சமைப்பீர்களா என்று கேட்டுக் கதவைப் பாதி சாத்தினார்கள். நான்காவது வீடு மூன்றாம் மாடி. வெயில் ஏற ஏற, என்னைக் கேட்காமல் டீச்சரே போய்க் கதவைத் தட்ட ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

ஏழாவது வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனவர். நல்ல மாடிப் போர்ஷன், போர் தண்ணீர். அவர் முகத்தில், இத்தனை நாள் என் முகத்தில் இருந்த அதே ஆடிக் கலக்கம்.

"ஆடியில வரலாமாங்கய்யா?" என்றார் டீச்சர்.

பெரியவர் நம்ப முடியாமல் பார்த்தார். யாரும் கேட்காமலே வாடகையில் ஐநூறு குறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க புரோக்கரா தம்பி? கமிஷன் எம்புட்டு?"

நான் வாயைத் திறக்கும் முன் டீச்சர் முந்திக்கொண்டார்.

"ஆமாங்கய்யா. கமிஷன் வேண்டாம்னுட்டாரு. ஆனா சாவிய மட்டும் இவரு கையில குடுத்துராதீங்க. எங்கிட்டயே குடுங்க."