பனி வண்டிக்குச் சக்கரம் மாட்டின கதை

எனக்குச் சின்ன வயசு ரெண்டு தடவ வந்துச்சு. மொதத் தடவ கரூர் பக்கம். எல்லாத்துக்கும் வர்ற மாதிரி வந்து, எல்லாத்துக்கும் போற மாதிரி போயிருச்சு. அதுல சொல்றதுக்குப் பெருசா ஒண்ணுமில்ல. ரெண்டாந்தடவ அறுபத்தி நாலு வயசுல, டெக்சாஸ்ல, கேட்டின்னு ஒரு ஊர்ல எம்மக வீட்டுல வந்துச்சு. தனியா ரோட்டத் தாண்டக்கூடாது. காலிங் பெல் அடிச்சாக் கதவத் தொறக்கக்கூடாது. கார்ல பின் சீட்டுல பெல்ட்டப் போட்டு உக்காரோணும். ஆராச்சும் இங்கிலீசுல பேசுனா சிரிக்கோணும். ஒம்பது வயசுப் பேத்திதான் எனக்கு அக்கா. கையப் புடிச்சு நடைக்குக் கூட்டிட்டுப் போவா. "அம்மாயி, ஸ்டாப்"னு சொன்னா நிக்கோணும், "ஓகே கோ"ன்னா நடக்கோணும். இதச் சின்னப் பிள்ளைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

அந்தச் சின்ன வயசுல நடந்ததுதான் இது.

போயிச் சேந்த மொத வாரம், வெளக்குமாறத் தேடிக்கிட்டுக் கராஜுக்குள்ள போனேன். ஒரு பக்கம் காரு. இன்னொரு பக்கம் தார்ப்பாயி போத்திக்கிட்டு என்னமோ ஒண்ணு படுத்திருந்துச்சு. தூக்கிப் பாத்தா வண்டி. சீட்டு இருக்குது, ஹேண்டில்பாரு இருக்குது, ஆனா சக்கரம்? ஒண்ணுகூட இல்ல! முன்னால ரெண்டு நீளக் கட்டை, நுனி மட்டும் மேல வளைஞ்சு நிக்குது. பின்னால ரைஸ் மில்லு பெல்ட்டாட்டம் அகலமா ரப்பர் பெல்ட்டு, அது பூராப் பல்லு. எனக்குத் திக்குன்னுச்சு. திருடன் வந்து சக்கரத்தப் பூராக் கழட்டிட்டுப் போயிட்டான்னு நெனச்சுப் போட்டேன் பாருங்க ஒரு சத்தம். அன்னிக்கு மாப்ள வீட்டுல இருந்தே ஆபீஸ் மீட்டிங் பேசிக்கிட்டு இருந்தாரு. காதுல மாட்டுனது காதோட தொங்க ஓடியாந்தாரு. வெவரங் கேட்டுட்டு அந்த மனுசன் சிரிச்சாரு பாருங்க, மீட்டிங்குல இருந்த எட்டுப் பேருக்கும் கேட்டிருக்கும்.

"அத்தை, இது ஸ்னோமொபைலுங்க. பனி மேல ஓட்டற வண்டி. இதுக்குச் சக்கரமே கெடையாதுங்க."

டெக்சாஸுக்கு வர்றதுக்கு முந்தி அவங்க வடக்க, முட்டியளவுக்குப் பனி கொட்டுற ஊர்ல இருந்தாங்களாம். வேலை மாறி வந்தப்ப சோபா, கட்டிலு, பீரோ அத்தனையும் அங்கியே குடுத்துட்டு, இத மட்டும் லாரி ஏத்தி இங்க கொண்டாந்துட்டாராம்.

"இங்க எப்பங்க மாப்ள பனி விழுகும்?"

"விழுகாதுங்க."

"அப்பறம்?"

அவரு அதோட சீட்டத் தடவிக்கிட்டு நின்னாரு. எம்மகளக்கூட அப்பிடித் தடவிக் குடுத்து நான் பாத்ததில்ல.

அந்த வீட்டுல பெட்ரூமு பூரா மாடியில. என் முட்டிக்குப் படி ஆகாது. அதனால ஹால் சோபாவுலதான் எனக்குப் படுக்கை. ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப மக சொல்லிட்டா. வண்டிய வித்துப்போட்டு, கராஜுல அந்தப் பக்கத்த அடைச்சு, அம்மாவுக்கு பாத்ரூமோட ஒரு ரூமு கட்டோணும். கிரீன் கார்டுக்கும் அப்ளை பண்ணப் போறேன். அம்மா இனி இங்கதான்.

சோத்துல வெச்ச கை அப்பிடியே நின்னுருச்சு. எனக்குன்னா, ஆறு மாசத்துல திரும்பிப் போற டிக்கெட்டு பெட்டிக்குள்ள சேலை மடிப்புல பத்திரமா இருக்குது. என்னை ஒரு வார்த்தை கேக்கல. சின்னப் பிள்ளைய ஆரு கேக்கறா? எங்கூர்ல எனக்குச் சண்டை போடவே நாலு பேரு இருக்கறாங்க. இங்க சண்டை போடோணும்னாக்கூட எவளாச்சும் ஒருத்தி கார்ல கூட்டிட்டுப் போகோணும். ஆனா மக மொகத்துக்கு நேரா "நான் போறேன் கண்ணு"ன்னு சொல்ல வாயி வரல. சொன்னா அழுவா. அவ அழுதா எனக்கு ஆகாது.

மாப்ள பாவம், அவருக்கும் வாயி வரல. கடேசியா மெதுவாச் சொன்னாரு, "சக்கரம் மாட்டினா இங்கியே ஓட்டலாம்."

"பனி வண்டிக்குச் சக்கரமா?" மக சிரிச்சா. "சரிங்க. மூணு வாரம் டைம். மூணாவது சனிக்கெழமை இந்த வீட்டுல இருந்து கெளம்பி, நம்ம முட்டுச் சந்த ஒரு சுத்துச் சுத்தி, தானா திரும்பிக் கராஜுக்குள்ள வந்து நிக்கோணும். வந்துச்சுன்னா நீங்களே வெச்சுக்கங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். வரலீன்னா வித்துப்போடோணும், ரூமு கட்டோணும்."

எனக்கு மூளையில மணி அடிச்சுச்சு. வண்டி ஓடுனா ரூமு இல்ல. ரூமு இல்லீன்னா நான் ஊருக்குப் போறதுக்கு நல்ல சாக்கு. "எடமில்லாத வீட்டுல நான் எதுக்குக் கண்ணு?"ன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டே ஃப்ளைட் ஏறிருவேன்.

மறுநாளே கராஜுக்குப் போயிக் கதவோரம் நின்னு கேட்டேன், "மாப்ள, நானும் ஒத்தாசை பண்ணட்டுங்களா?"

அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கு அதிர்ச்சியாப் போச்சு. நம்ம கள்ளத்தனத்துக்கு இப்பிடி மரியாதையான்னு.

எங்க பக்கம் மாப்ளைக்கு முன்னால மாமியாக்காரி சேர்ல உக்கார மாட்டா. கல்யாணமாயி பன்னெண்டு வருசமா, இங்க வந்து சேர்ற வரைக்கும், நான் அவருகிட்டப் பேசுனது பூராக் கதவுக்குப் பின்னாடி நின்னுதான், அதுவும் "சாப்பிடுங்க", "நல்லாருக்கீங்களா" அவ்வளவுதான். இப்ப என்னடான்னா, அவரு வண்டிக்கடியில மல்லாந்து படுத்துக் கெடக்கறாரு, நான் டார்ச் லைட்டப் புடிச்சுக்கிட்டு, "வலது பக்கங்க மாப்ள, அந்தத் துருப்புடிச்சது"ன்னு வழி சொல்லிக்கிட்டு இருக்கறேன்.

அவருக்குக் கை நல்ல கை, ஆனா ஒழுங்கு கெடையாது. கழட்டுன போல்ட்ட எங்க வெச்சோம்னு தேடறதுலயே பாதி நேரம் போயிருச்சு. நான் சமயக்கட்டுக்குப் போயி இட்லித் தட்டு ரெண்ட எடுத்தாந்தேன். மொதல்ல கழட்டுனது மொதக் குழியில, ரெண்டாவது கழட்டுனது ரெண்டாங்குழியில. மாட்டறப்ப கடேசிக் குழியில இருந்து திரும்பி வரோணும். மாப்ள வாயப் பொளந்துட்டாரு. எஞ்சினியருங்க அவரு!

அன்னிக்குப் பொழுதோட மக கராஜுக்குள்ள எட்டிப் பாத்தா. "அம்மா! இது இட்லித் தட்டு!"

"ஆமா கண்ணு. எப்பிடி, குழி குழியா வாகா இருக்குதல்லோ?"

"எப்ப இருந்து இதுல போல்ட்டு வெக்கற? நேத்துக் காலையில இதுலதான் இட்லி ஊத்துனேன்!"

"அதுதான் நேத்து இட்லி சட்னி இல்லாமயே வழுக்கிட்டு எறங்குச்சு."

பேத்தி விழுந்து விழுந்து சிரிச்சா. மக ரெண்டு தட்டையும் வெறிச்சுப் பாத்துக்கிட்டே நின்னா. அப்பறம் தட்டப் பாக்கல, என்னையப் பாத்தா. தட்ட அங்கியே விட்டுட்டு உள்ள போயிட்டா.

முன்னாடிக் கட்டை ரெண்டையும் கழட்டிட்டு, அந்த எடத்துல ஒரு ஒடஞ்ச நாலு சக்கர பைக்கோட சக்கரத்த மாட்டுனாரு. பின்னாடி பெல்ட்டு அப்பிடியே இருந்துச்சு. ஆனா அது பனியில வழுக்கிக்கிட்டே சுத்தறதாம், தார் ரோட்டுல ஒரசுனாத் தீஞ்சுரும்னு உள்ளாரச் சின்னச் சின்னச் சக்கரமாப் பொருத்துனாரு. கடேசி வாரம் வியாழக்கெழமை ஸ்டார்ட் பண்ணுனோம். அப்பப்பா, என்னா சத்தம்! நான் சந்தோசத்துல கையத் தட்டறதுக்குள்ள குபுகுபுன்னு ஆவி கெளம்பி, வண்டி இருமிட்டு நின்னுருச்சு.

"என்னாச்சுங்க மாப்ள?"

அவரு தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. பனியில ஓடறப்ப பின்னாடி பெல்ட்டு பனிய வாரி வாரி வண்டியோட அடிவயித்துல அடிக்குமாம். அந்தக் குளிர்லதான் இஞ்சினு சூடு ஆறுமாம். பனி இல்லாத ஊர்ல இதுக்கு எதக் குடுக்கறது?

வண்டி பனியத் திங்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். ஆனா என் டிக்கெட்டு சேலை மடிப்புல இருக்குதே, விட முடியுமா? "பனி இல்லீன்னா என்னங்க, கடையில ஐஸு மூட்டை மூட்டையா விக்கறாங்க. அதக் குடுப்போம்"னேன்.

அவரு மெதுவாத் தலையத் தூக்குனாரு. சீட்டுக்குப் பொறகால பெல்ட்டுக்கு மேல ஒரு தகரம் இருக்குது. அதும் மேல ஐஸ் மூட்டைய வெச்சு அமுத்திப் புடிச்சா, ஒரு சுத்துக்குத் தாங்குமாம். ஆனா ஓட்டறவரு ஓட்டறதா, ஐஸப் புடிக்கறதா?

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

சனிக்கெழமை காலையில மஞ்சக் குங்குமம் வெச்சாச்சு. புதுச் சக்கரம் மாட்டுனா அது புது வண்டி, எலுமிச்சம்பழம் நசுக்காம எடுக்கக்கூடாது. முன் சக்கரத்துக்கு ஒண்ணொண்ணு. பின்னாடி பெல்ட்டுதான, அகலமா இருக்குதேன்னு அதுக்கு ரெண்டு வெச்சேன். அப்பறம் பேத்தியோட சைக்கிள் தொப்பிய மாட்டிக்கிட்டு ஏறுனேன். முன்னாடி பாத்து உக்காந்தா மாப்ளயப் புடிக்கோணும், அது நடக்கற காரியமா? பின்னாடி பாத்து உக்காந்தேன். அவரு முதுகுக்கும் என் முதுகுக்கும் நடுவுல ஒரு தலகாணி. மடியில இருந்து தகரம் வரைக்கும் ஐஸ் மூட்டை. பல்லு தந்தியடிக்குது.

எனக்கு நேரா, வீட்டுக்குள்ள போற கதவுல மக நிக்கறா. கையக் கட்டிக்கிட்டு.

மாப்ள முறுக்குனாரு. முன்னாடிப் பழம் ரெண்டும் பச்சக்குன்னு நசுங்குன சத்தம் கேட்டுச்சு. பின்னாடிப் பழம் நசுங்கல. பெல்ட்டுப் பல்லு கவ்விச்சு, என் காலுக்கு அடியில விர்ருன்னு ரெண்டும் பறந்துச்சு. ஒண்ணு கராஜுச் செவுத்துல. இன்னொண்ணு மக காதோரம் போயிக் கதவுல படார்னு வெடிச்சுச்சு. அவ மூக்குல இருந்து சாறு சொட்டுது. அவ அசையல. நானும் அசையல. பேத்திகூட மூச்சு விடல. மாப்ளைக்கு மட்டும் ஒண்ணுந் தெரியாது, அவரு பாட்டுக்கு ரோட்டுல எறக்கிட்டாரு.

அப்பறம் எனக்குத் தெரிஞ்சது பூராப் பின்னாடி போற ரோடுதான். எலும்பெல்லாம் எடம் மாறுது. வீட்டு வீட்டுக்கு ஆளுக வெளிய வந்து, காபிக் கோப்பையோட நிக்கறாங்க. கதவு கதவாத் தாண்டிப் போறேன், ஒருத்தங்க வாயும் மூடியிருக்கல. சேலைத் தலைப்பு ஒரு பக்கம், ஐஸுத் தண்ணி ஒரு பக்கம். நான் கத்தறேனா சிரிக்கறேனான்னு எனக்கே தெரியல.

"அத்தை, இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க மாப்ள! நிறுத்தாதீங்க!"

சந்து முனையில திரும்பறப்ப ஆவி வர ஆரம்பிச்சுச்சு. மிச்சமிருந்த ஐஸு பூராவயும் தகரத்துல கொட்டி, அதும் மேல நானே படுத்துட்டேன். கடேசி நாலு வீடு இருமிக்கிட்டே வந்துச்சு. வந்து, சரியாக் கராஜுக்குள்ள மூக்க நொழச்சுட்டுத்தான் உசுர விட்டுச்சு.

ஜெயிச்சுட்டோம்! நான் எறங்கி, ஈரச் சேலையோட குதிச்சேன். முட்டி வலிகூட ஞாபகமில்ல. பேத்தி வந்து கட்டிக்கிட்டா. மாப்ள மட்டும் சிரிச்ச மொகத்தோட மகளத் திரும்பிப் பாத்தாரு. பாத்ததும் அவரு சிரிப்பு நின்னுருச்சு. அவ மூக்கத் தொடச்சுக்கிட்டு, "சரி, வெச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போனா. பாத்ரூம்ல குழா ரொம்ப நேரம் ஓடுச்சு. எலுமிச்சஞ் சாறு கண்ணுல பட்டிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு வெள்ளக்காரன் எங்கியோ பனி விழுகற ஊர்ல இருந்து டிரெய்லரோட வந்தான். கழட்டுன கட்டைய மறுபடியும் மாட்டி, வண்டிய ஏத்துனாங்க. நான் பதறியடிச்சு ஓடுனேன். "மாப்ள! நம்ம ஜெயிச்சமல்லோ! எதுக்குங்க விக்கறீங்க?"

"ஓடுமான்னு பாக்கோணும்னு இருந்துச்சுங்க அத்தை. பாத்தாச்சு."

பொழைக்கத் தெரியாத மனுசன்! மூணு வாரப் பாடு, ஒரு மூட்டை ஐஸு, என்னோட இடுப்பு, அத்தனையும் டிரெய்லர்ல ஏறிப் போவுது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல.

வண்டி போன பொறகு கராஜுல அந்தப் பக்கம் வெறிச்சுன்னு கெடந்துச்சு. மக டேப்ப வெச்சு அளந்துக்கிட்டே வந்தா. மொகத்துல ரொம்ப நாளைக்கப்பறம் அன்னிக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம்.

"அம்மா, ஜன்னல எந்தப் பக்கம் வெக்கட்டும்?"

"ஏர்போர்ட்டு தெரியற பக்கமா வை கண்ணு"ன்னேன்.

சொல்லிட்டு நானே சிரிச்சேன். பேத்தி அவங்கம்மா மொகத்தப் பாத்தா. மாப்ள தரையில ஒண்ணுமில்லாத எடத்துல ஒரு போல்ட்டத் தேடுனாரு. மக டேப்பச் சுருட்டிக்கிட்டு உள்ள போயிட்டா.

நல்ல ஜோக்குதான அது, ஏன் ஒருத்தருமே சிரிக்கலீன்னு அன்னிக்கு ரொம்ப நேரம் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.