மேஸ்திரியின் கையைப் பொய்யாக்கினேன்

துரைசாமி மேஸ்திரியின் பிழைப்பைக் கெடுத்தவள் நான்தான். மணல் அல்ல, உலை அல்ல, அவருடைய வயதும் அல்ல... நான்!

சிகந்தராபாத் பக்கம் மல்லாபூரில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறை. மணலில் அச்சுப் பிடித்து, உருக்கிய இரும்பை ஊற்றிப் பம்புக் கூடுகள் வார்ப்போம். கூட்டின் உட்புறம் வெற்றிடமாக அமைய, அச்சின் நடுவே சுட்ட மணல்கட்டி ஒன்றை வைக்க வேண்டும். கோர் என்போம். ஒன்பது வருடம் அதைச் செய்தவள் நான்.

ஒருநாள் மேஸ்திரி சரிபார்த்த அச்சுகள் சரிந்து, வார்ப்பெல்லாம் வீணாயின. முதலாளி காரணம் கேட்டார். மேஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? என் மேசையிலிருந்து ஒரு கோரை எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் நசுக்கினார்.

"பாருங்க சேட், இது கோரா, உஸ்மானியா பிஸ்கட்டா?"

பட்டறையே சிரித்தது. அது அடுப்பில் இன்னும் சுடாத பச்சைக் கோர்! அவருக்கும் அது தெரியும். மறுநாளே என்னை மணல் கலக்கும் வேலைக்குத் தள்ளினார்கள். நீங்களாக இருந்தால் மறந்திருப்பீர்களா?

தினமும் காலையில், நான் கலந்த மணலில் ஒரு பிடி அள்ளி இறுக்குவார் மேஸ்திரி. விரல் தடம் பதிய வேண்டும். உடைத்தால் உதிராமல் இரண்டாக வேண்டும். அதுதான் ஈரத்துக்கு அவர் வைத்திருந்த அளவு. கருவி வாங்கலாம் என்று முதலாளி சொன்னபோது, "நக்கோ சேட், வேணாம், என் கை இருக்குது" என்றார்.

அந்தக் கையைத்தான் குறிவைத்தேன்.

அவர் பார்த்துத் தலையசைத்துவிட்டு டீ குடிக்கப் போனதும், இரண்டு செம்பு தண்ணீரை மணலில் ஊற்றிக் கிளறினேன். மேஸ்திரி பார்த்த மணல் என்றால் அதை இடித்து அச்சுப் பிடிப்பவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். ஈரம் மிகுந்தால் இரும்பு பட்டதும் நீராவி கிளம்பும். வார்ப்புக்குள் துளை துளையாக விழும். இரும்பு தெறித்து யார்மேலாவது பட்டால்...? நினைத்தேன். நினைத்தும் ஊற்றினேன்!

வார்ப்பை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டுமே. என் குற்றத்தின் சாட்சியை அவரே நின்று உடைக்கச் செய்தார். எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது!

மூன்று வாரம் தினமும் இப்படியே ஊற்றினேன்; வார்ப்புகள் வீணாக, பட்டறை இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது. ஒருநாள் கையில் ஒரு பிடி மணலோடு என்னிடமே வந்தார்.

"ஸ்டெல்லாம்மா, நீயே பிடிச்சுப் பாரு. என் கை மரத்துப் போச்சோ என்னமோ... சரியா இருக்குதா?"

ஈரம் மிகச் சரியாக இருந்த மணல் அது. இறுக்கிப் பார்த்தேன்.

"கொஞ்சம் காய்ஞ்ச மாதிரி இருக்குது மேஸ்திரி."

அவர் தன் கையாலேயே தண்ணீர் தெளித்தார். அன்றைய வார்ப்பு அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. அந்த வாரமே அவரை நிறுத்தினார்கள். கோர் மேசை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

இப்போது அவர் மாதாப்பூரில் ஓர் அலுவலக வாசலில் காவலாளி. சென்ற மாதம் சிகந்தராபாத் மார்க்கெட்டில் மகளோடு எதிர்ப்பட்டார்.

"இவங்கதாம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சப்போ சிரிக்காம நின்னவங்க இவங்க ஒருத்தங்கதான். என் கைதான் போயிடுச்சு, யாரைச் சொல்ல?"

"தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண்.

உங்கள் கை போகவில்லை மேஸ்திரி... அந்த ஒரு வரியை நான் சொல்லவில்லை. பயந்து அல்ல, சொல்ல மனம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.